சூரியனின் ஜீப்பும் நெருப்பு ஏரியும்

1

இந்த மாதம் நான்காம் தேதி என் மகள் உதயாவுக்கு ஏழு வயது நிறைந்தது. காலையில் நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காலுறையின் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அறைக்குள் வந்தாள். குனிந்து என் இரண்டு பாதங்களிலும் உள்ளங்கைகளை வைத்தாள்.

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பள்ளியில் இவள் பெயர் ஜூடி. டீச்சர் வாயில் உதயா நுழையவில்லை என்று அவர்களாகவே மாற்றிவிட்டார்கள். இவளும் இப்போது அந்தப் பெயருக்குத்தான் சட்டென்று திரும்புகிறாள். அப்படிப்பட்ட பிள்ளை, யாரும் சொல்லாமலே பிறந்தநாள் காலையில் வந்து அப்பா காலைத் தொடுகிறதே என்று நெகிழ்ந்துபோய், "நல்லா இரும்மா" என்று தலையில் கை வைத்தேன். சமையலறையில் இருந்த என் மனைவி ரங்கநாயகியையும் வந்து பார் என்று கூப்பிட்டேன்.

உதயா கையை எடுக்கவில்லை. ஜுரம் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர்கள் மாதிரி அப்படியே வைத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, "இன்னும் சுடல" என்றாள்.

"இன்னாடி சுடல?" என்றாள் கதவருகே வந்து நின்ற ரங்கநாயகி.

"அப்பா காலு. நம்பாதவங்களுக்குக் கால்லேருந்துதான் நெருப்புப் புடிக்கும். நான் பார்த்தேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி வைத்துச் சமாதானம் சொல்லியிருப்பேன். சில நாட்களாக இதை யாரிடமும் சொல்லாமல் மனத்தில் வைத்திருந்து, இன்றைக்குத்தான் தைரியம் வரவழைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. காலுறையைப் போடாமலே உட்கார்ந்திருந்தேன்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது என்ன கூத்து என்று விளங்கவேண்டும். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு சிறிய ஊர். பெயரை எழுதப் பயமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன். செஞ்சியில் சயின்ஸ் வாத்தியாராக இருந்த நான் மேற்படிப்புக்கென்று இங்கே வந்தேன். படிப்பு முடிந்ததும் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். நின்றுவிட்டேன்.

இந்த ஊருக்கு வெளியே ஏரிக்கரையில், பைபிள் கதைகளைப் பொம்மைகளாகச் செய்து வைத்த ஒரு வேதப் பூங்கா இருக்கிறது. உள்ளே போனால் முதல் மனிதனும் முதல் மனுஷியும் இலை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு டைனோசர் சாதுவாகப் புல் மேய்கிறது. உலகம் உண்டாகி ஆறாயிரம் வருஷம்தான் ஆகிறது என்று பலகை வைத்திருக்கிறார்கள். பிரளயத்தில் மிதந்த கப்பல் ஒன்று உண்டு, அதில் குழந்தைகள் ஏறி விளையாடலாம். எல்லாம் பார்த்து முடித்து வெளியே வரும் வழியில் ஒரு குகை. அதற்குள் நெருப்பு ஏரி. நம்பாதவர்கள் இடுப்பளவு நெருப்பில் நின்று கை நீட்டுகிறார்கள்.

பிறந்தநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட பஸ்ஸில், பள்ளிக்கூடச் செலவில், உதயாவின் வகுப்பு முழுவதையும் அங்கே கூட்டிப்போயிருக்கிறார்கள். பெற்றோர் சம்மதம் கேட்டு ஒரு சீட்டு வந்திருந்தது. அதில் 'பார்க்' என்று போட்டிருந்தது. ஊஞ்சல், சறுக்குமரம் இருக்கும் இடம் என்று நினைத்து நான்தான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வெயில் இல்லாத நாளாச்சே, ஸ்வெட்டர் போட்டுவிடு என்று மட்டும் ரங்கநாயகியிடம் சொன்னேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பூங்காவைப் பெரிதாக்குவதற்கு நகரசபை பொது நிலத்தைத் தரப்போகிறது. தண்ணீர்க் குழாயும், வரிப்பணத்தில் புதிய தார் ரோடும் சேர்த்து. சுற்றுலாக்காரர்கள் வருவார்கள், வேலை பெருகும் என்கிறார்கள். பிள்ளைகளை வருஷம் தவறாமல் இலவசமாகக் காட்டுவோம் என்றும் பூங்காக்காரர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஊரார் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள்.

கல்லூரியில் என் கூட வேலை பார்ப்பவரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, "நீ வெளிநாட்டுக்காரன். பேசாமல் இரு" என்றார். அவர் சொன்னது சரிதான். ஜனவரி பிறந்தால் தபால் ஆபீசுக்குப் போய், நான் இன்னும் இதே வீட்டில்தான் இருக்கிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வரவேண்டிய ஆள் நான். வேலையும் ஒவ்வொரு வருஷமாகத்தான் நீட்டுகிறார்கள். போன டிசம்பரில் நிலாவைச் சுற்றி வந்தவர்களே அங்கிருந்து வேதம் வாசித்தார்கள். அதை ரேடியோவில் கேட்டு இந்த ஊரே அழுதது. இவர்களிடம் போய்ப் பாறையின் வயதைப் பற்றிப் பேச நான் யார்?

3

பயம் எனக்குப் புதிதல்ல. உதயா பிறந்த 1962ஆம் வருஷத்துத் தை மாதத்தை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் ஒன்றாகச் சேரப்போகின்றன, உலகம் அழியப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. சென்னையில் வேலை பார்த்தவர்கள் லீவு போட்டுவிட்டுச் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார்கள், போவதானால் எல்லாரும் ஒன்றாகப் போவோம் என்று. அவலூர்பேட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போன ஆடுகளை வாங்க ஆளில்லாமல் திரும்ப ஓட்டிவந்து, வளர்த்தவர்களே அறுத்துத் தின்றார்கள்.

நான் வகுப்பில் சிம்னி விளக்கைச் சூரியனாக வைத்து, எலுமிச்சம்பழங்களைக் கிரகங்களாக அடுக்கி விளக்கினேன். ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் ஒரே திசையில் தெரிகிறது, கேது என்று ஒரு பொருளே வானத்தில் கிடையாது என்றெல்லாம் சொன்னேன். பையன்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். "அன்னிக்கு வானத்துல பார்க்கலாமா சார்?" என்றான் ஒருவன். எல்லாம் சூரியன் பக்கத்திலேயே இருப்பதால் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது என்றேன். வகுப்பே அடங்கிப்போயிற்று. கண்ணுக்குத் தெரிந்தாலாவது தேவலை என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

மணி அடித்ததும் பார்த்தால் மேஜைமேல் எலுமிச்சம்பழம் ஒன்றுகூட இல்லை. சயின்ஸ் சார் ஓதிக் கொடுத்த பழம் என்று எடுத்துப்போய் அவரவர் வீட்டு வாசலில் கட்டிவிட்டார்கள்.

அப்போது ரங்கநாயகி நிறைமாதம். தலைப்பிரசவம் என்பதால் செஞ்சியிலேயே இருந்த அவள் அப்பா வீட்டில் இருந்தாள். என் மாமனார் ஏர் பிடித்துப் பிழைத்த மனிதர். யாருக்கும் பயந்தவர் அல்ல. அந்த வாரம் அவர் ஜன்னல்களையெல்லாம் அடைத்து, சந்துகளில் தர்ப்பையைச் செருகி, சாணியால் மெழுகினார். கிரகங்கள் பிரிகிறவரைக்கும் மகள் வாசற்படி தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். ரங்கநாயகியும் அதையேதான் விரும்பினாள். அந்த இருட்டறையில் வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் கோத்து வைத்துக்கொண்டு, நான் போகும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "ஒண்ணும் ஆவாதுன்னு நெஜமாத்தான் சொல்றீங்களா?"

நிஜமாகத்தான் சொன்னேன்.

4

கோட்டைக்குக் கீழே உள்ள மைதானத்தில் ஒரு பொருட்காட்சி போட்டார்கள். சாந்தி யாகமும் உண்டு. தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது, எல்லாருக்கும் கை தாராளமாக இருந்தது. பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு குடிநீர்க் கிணற்றுக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்த பணம்தான் பந்தலாகவும் பொம்மையாகவும் மாறியது. உலகமே இருக்குமோ இருக்காதோ, கிணறு எதற்கு என்றார்கள். எந்த ஆபீஸ் பணம், யார் கையெழுத்து என்பதை எழுதமாட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் நன்றாக இருக்கிறார்கள், எனக்கும் அங்கே உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

பந்தலுக்குள் நுழைந்தால் பாற்கடல். அடுத்து நரகம். எண்ணெய்க் கொப்பரையில் பாவிகள் நிற்பார்கள். சிவப்புத் துணியை நாக்கு நாக்காகக் கிழித்துக் கட்டி, அடியில் சிவப்பு பல்பு போட்டு, ஃபேன் வைத்துப் படபடக்க விட்டிருந்தார்கள். நெருப்பு என்றே தோன்றும். இங்கே ஏரிக்கரைக் குகையிலும் இதே பல்பு, இதே ஃபேன்தான் இருக்கும். நான் போய்ப் பார்க்கவில்லை, ஆனால் வேறு எப்படிச் செய்யமுடியும்?

எல்லாவற்றுக்கும் கடைசியில் நவக்கிரகங்கள். சூரியனுக்கு மட்டும் தேர். மரத்தில் செய்ய நேரமில்லாததால், ஒரு சர்க்கார் ஆபீஸ் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, மூங்கில் கட்டி, ஜிகினாத் தாள் ஒட்டி, முன்னால் ஏழு வெள்ளைக் குதிரைகளைப் பூட்டிவிட்டார்கள். குதிரைகள் சாக்கும் சுண்ணாம்பும். பானெட்டின்மேல் சூரிய பகவான் உட்கார்ந்திருந்தார். ஜீப்பின் டிரைவர் காதர் எனக்குப் பழக்கமானவர். அவருடைய பையன் என்னிடம் படித்தான். "என் வண்டிக்குக் கல்யாணம் பண்ணி வச்சிட்டாங்க சார். இன்ஜினைத் தொடக்கூட முடியல" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, தை அமாவாசை. காலையில் யாகம் தொடங்கும்போது பொம்மைகளுக்கெல்லாம் கண் திறந்தார்கள். குருக்கள் கும்பத் தண்ணீர் தெளித்தார். கண் திறந்தபிறகு பொம்மை சாமியாகிவிடும். முறைப்படி வழியனுப்புகிறவரைக்கும் பிரிக்கக்கூடாது.

5

ரங்கநாயகிக்குச் சனிக்கிழமையே வலி கண்டிருந்தது. ஊரில் பிரசவம் பார்க்கிறவர்கள் அந்த நாளில் வர மறுத்துவிட்டார்கள். எஸ்தர் அம்மா என்ற மருத்துவச்சி மட்டும் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடித்த கையோடு வந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கொழந்த குறுக்கால கெடக்குது. என்னால ஆவாது. வயித்தைக் கிழிச்சித்தான் எடுக்கணும். உடனே திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போயாவணும்."

மாமனார் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். "வெளிய போனா ரெண்டும் போயிடும்" என்றார்.

"போகலன்னாலும் போயிடும் மாமா."

"வூட்டுக்குள்ளயாவது போவட்டும்" என்று சொல்லி அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். உள்ளேயிருந்து ரங்கநாயகி "நைனா, நைனா" என்று கத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

போவதற்கும் வழி இல்லை. பஸ்காரர்கள் முதல்நாளே வண்டியை நிறுத்திவிட்டார்கள். கார் வைத்திருந்த ஒரே மில்காரர் குடும்பத்தோடு திருவண்ணாமலை போய்விட்டார். மாட்டு வண்டியில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மைதானத்துக்கு ஓடினேன்.

விழாக் கமிட்டித் தலைவர் யாகசாலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை, பட்டு அங்கவஸ்திரம். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளிறியது. ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"கண்ணு தொறந்தாச்சி வாத்தியாரே. இனிமே அது ஜீப்பு இல்ல. இன்னிக்கின்னு பாத்து நான் அதுல கை வச்சி, நாளைக்கி ஊருக்கு ஏதாவது ஆச்சின்னா? விடியட்டும். கிரகம் பிரிஞ்சதும் நானே அனுப்பறேன்."

"அவ விடியற வரைக்கும் இருக்கமாட்டா."

"பிரசவத் தீட்டு வேற இருக்குதே" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

காதர் சற்றுத் தள்ளி நின்றார். சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைத் தனியே இழுத்துப்போனார். "சார், எனக்கு அது வண்டிதான். இப்பவே எடுத்துடுவேன். ஆனா காதர் சாமியைக் கடத்திட்டுப் போயிட்டான்னு ஒரு பேச்சு கெளம்பினா, என் புள்ளைங்க இந்த ஊர்ல இருக்க முடியாது. அவங்க வாயால சொல்லட்டும் சார். எல்லார் காதுலயும் விழணும்."

அவர் சொன்னதில் தவறில்லை. அந்த மைதானத்தில் எல்லாரும் ஏதோ ஒன்றுக்குப் பயந்துகொண்டிருந்தார்கள், அவர் பயம்தான் அதில் நியாயமானது.

திரும்பித் தலைவரிடம் போனேன். கிரகங்கள் வெகுதூரத்தில் இருக்கின்றன என்று ஆரம்பித்தேன். வகுப்பில் சொன்னதையெல்லாம் சொன்னேன். ஒலிபெருக்கியில் மந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்போது என் வாயில் வேறு ஏதோ வந்துவிட்டது.

"சரிங்க. விட்டுடலாம். அவ சாவட்டும். வயித்துப் புள்ளயோட சாவா, அமாவாசையில, எட்டுக் கிரகம் நிக்கற நாள்ல. அப்பிடிச் செத்தவ எங்கயும் போவமாட்டான்னு உங்களுக்குத் தெரியும். சுமைதாங்கிக் கல்லை இந்த மைதானத்து வாசல்லயே நட்டுடுங்க. அவ சொமைய அதுமேல எறக்கி வச்சிட்டு, நெதம் உங்க வூட்டு வாசலைத்தான் பாத்துக்கினு நிப்பா. உங்க பேரைச் சொல்லித்தான் கூப்புடுவா."

நம் பக்கத்துச் சாலைகளில் அந்தக் கற்களை எல்லாரும் பார்த்திருப்பார்கள். பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக நடுவது. வழிப்போக்கர்கள் சுமையை இறக்கி வைத்தால் அவள் பாரம் குறையும் என்பார்கள். நம்பாத ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பித்தேன். முடிக்கும்போது ரங்கநாயகி அந்தக் கல்லின்மேல் சாய்ந்து நிற்பதை நானே பார்த்துவிட்டேன்.

தலைவர் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்தார். குருக்களைப் பார்த்தார். குருக்களும் வியர்த்துப்போயிருந்தார்.

"பிரிக்கப்படாதுன்னுதான் சாஸ்திரம்" என்றார் குருக்கள் மெதுவாக. "ரதம் ஓடப்படாதுன்னு எங்கேயும் இல்லை. சூரியனுக்குத் தீட்டு ஏது?"

சூரிய பகவான் உலகநன்மைக்காகத் திண்டிவனம்வரை எழுந்தருளுகிறார் என்று தலைவரே ஒலிபெருக்கியில் அறிவித்தார். காதர் அதைக் கேட்டபிறகுதான் சாவியை எடுத்தார்.

ஏழு குதிரைகளோடும் ஜிகினாவோடும் ஜீப் மாமனார் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்த மாமனார் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "சூரியனே வந்துட்டாரு, மவளை இட்டுக்கினு போவ சூரியனே வந்துட்டாரு" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடி, அவரே அவளைத் தூக்கிவந்து ஏற்றினார். வெறும் ஜீப் வந்திருந்தால் அவர் நகர்ந்திருக்கமாட்டார்.

அந்தப் பயணம் இப்போதும் கனவில் வருகிறது. ஊருக்கு ஊர் ஜனங்கள் ரோட்டில் விழுந்து கும்பிட்டார்கள். கற்பூரத் தட்டை நீட்டிக்கொண்டு குறுக்கே வந்தார்கள். காதர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். பெண்கள் அதற்குக் குலவை போட்டார்கள். பின்னால் எஸ்தர் அம்மா ஜெபம் செய்துகொண்டே ரங்கநாயகியை மடியில் பிடித்திருந்தார். ஒரு பள்ளத்தில் ஒரு குதிரை முறிந்து விழுந்தது. காதர் பிரேக் போட்டார்.

"நிறுத்தாதீங்க!" என்று அலறினேன்.

"குதிரை கொறைஞ்சா என்னத்தான் சார் கேப்பாங்க" என்று இறங்கி ஓடி அதை வாரி எடுத்துவந்து பின்னால் திணித்தார். வலி வந்தபோதெல்லாம் ரங்கநாயகி அந்தச் சாக்குக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சுண்ணாம்பு அவள் முகமெல்லாம் அப்பியிருந்தது. நானும் சாமி கும்பிட்டேனா என்று உதயா பெரியவளானதும் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பானெட்டின்மேல் இருந்த அந்தச் சூரிய முகத்தின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் உதயா பிறந்துவிட்டாள். அம்மாவும் பிழைத்தாள்.

6

மறுநாளும் உலகம் இருந்தது. யாகத்தால்தான் இருந்தது என்றார்கள். நான் என்ன மறுத்துச் சொல்வது? ஒரு தாயையும் சேயையும் சூரியத் தேர் காப்பாற்றியது என்று நோட்டீஸ் அடித்து, மறுவருஷம் பொருட்காட்சியைப் பெரிதாக நடத்தினார்கள். ஆய்வுக்கூடம் வரவே இல்லை. நான் ஊரைவிட்டுக் கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறந்தநாள் சாயங்காலம் இந்தக் கதையை உதயாவுக்குச் சொன்னேன். சிவப்பு பல்பு, ஃபேன் வித்தையைச் சொன்னால் பயம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். குதிரை விழுந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் உயிர் வந்தது. ரங்கநாயகிகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"அந்த மீசைத் தாத்தாகிட்டச் சொன்னீங்களே, அது நெஜமாப்பா? அம்மா அங்க நின்னுருப்பாங்களா?"

"இல்லம்மா. சும்மா சொன்னேன்."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"பயந்தாத்தான் ஜீப்பு குடுப்பாங்கன்னு. உங்களைக் காப்பாத்தறதுக்கு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க டீச்சரும் அதுக்குத்தான் எனக்கு அதைக் காட்டினாங்க. உங்களைக் காப்பாத்தறதுக்கு."

நான் ரங்கநாயகியைப் பார்த்தேன். அவள் கையை விரித்தாள். செஞ்சியில் இருந்தவரை பல்லி கத்தினால் பயந்தவள், இங்கே வந்தபிறகு குளிரைத் தவிர எதற்கும் பயப்படுவதில்லை. "அது அவங்க ஊரு நரகம்டி. நம்மளை அங்க எல்லாம் சேத்துக்க மாட்டாங்க" என்று சொல்லிப் பார்த்தாள். உதயா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"ஒரே ஒரு தடவை சொல்லுங்கப்பா. நான் நம்பறேன்னு சொன்னாப் போதும். டீச்சர் சொன்னாங்க."

வாயைத் திறந்தேன். மைதானத்தில் மீசைக்காரரிடம் அவ்வளவு பொய்யும் ஒரே மூச்சில் வந்தது. ஏழு வயதுக் குழந்தையிடம் அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு மெதுவாக நகர்ந்துபோய்விட்டாள். அன்று கேக்கைத் தொடவில்லை. அடுத்த இரண்டு மூன்று நாளும் பள்ளிவிட்டு வந்ததும் நேராக வந்து என் காலைத் தொட்டுப் பார்த்தாள். சாப்பாடு இறங்கவில்லை, கன்னம் ஒட்டிவிட்டது. இதற்குமேல் வேலை போனாலும் போகட்டும் என்று அந்தக் கூட்டத்துக்குப் போனேன்.

7

பேசவேண்டியதை எழுதித் தயார் செய்திருந்தேன். நட்சத்திர ஒளி இங்கே வந்துசேர எத்தனை காலம் ஆகிறது, பாறைகள் என்ன சொல்கின்றன, பொதுப்பணம் எல்லா மதத்தாருக்கும் பொது என்றெல்லாம். ரங்கநாயகியும் கூட வருவேன் என்றாள், குழந்தையை விட்டுவிட்டுப் போக வீட்டில் வேறு ஆள் இல்லை, அதனால் மூன்று பேருமாகப் போனோம். கூடம் நிறைந்திருந்தது. என் பெயரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். எழுதிவைத்ததில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"என் மகளுக்கு ஏழு வயது. நான் எரிந்துவிடுவேன் என்று பயப்படுகிறாள். சாப்பிட மறுக்கிறாள். தயவுசெய்து நான் கட்டும் வரியிலிருந்து அந்த நெருப்பைப் பெரிதாக்காதீர்கள்." அவ்வளவுதான் சொன்னேன்.

கத்துவார்கள், திரும்பிப்போ என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். யாரும் கத்தவில்லை. முன்வரிசையில் ஒரு வயதான அம்மாள் கண்ணைத் துடைத்தார். உதயாவின் டீச்சர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல பெண், முகத்தில் துளி வஞ்சகம் இல்லை. தலைமை தாங்கியவர், "ஜூடியின் தந்தைக்காக நாம் எல்லாரும் தலை குனிவோம்" என்றார். கூடம் முழுவதும் எழுந்து தலை குனிந்து எனக்காக வேண்டிக்கொண்டது. நான் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அது முடிந்ததும் வாக்கெடுத்தார்கள். நிலம், தண்ணீர், ரோடு, மூன்றும் பூங்காவுக்குக் கொடுக்கப்பட்டன.

வீட்டுக்கு வந்ததும் உதயா சோறு கேட்டாள். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டாள்.

"அத்தனை பேரும் உங்களுக்காக வேண்டிக்கிட்டாங்கப்பா. இனிமே நீங்க எரியமாட்டீங்க" என்றாள், வாய் நிறையச் சோற்றோடு. முகம் தெளிந்து, பழைய பிள்ளையாக இருந்தது.

"இதுக்குத்தானே போனீங்க? கொழந்த சாப்புடுது பாருங்க" என்றாள் ரங்கநாயகி, இன்னொரு கரண்டி போட்டபடி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வேண்டுதல் பலிச்சா போய்க் கும்பிட்டுட்டு வரணும்னு நீங்கதானேம்மா சொல்லுவீங்க?" என்று உதயா அவளைக் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை டீச்சர் கார்ல வந்து என்னைச் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்காங்க."

"நீ மட்டும் தனியாவா போவ?" என்றேன். "பயமா இருக்காது?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"எனக்கு இப்ப பயமே இல்லப்பா."